பிடிக்கவும் தெரியணும், விடவும் தெரியணும்: ஸ்ட்ரெப்டோமைசினும் ரெசினும்



போன செமஸ்டர் டவுன்ஸ்ட்ரீம் லேப் வைவாவில் எக்ஸ்டர்னல் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிக்க வலுவான ரெசின் இருக்கும்போது, ஏன்மா வலு குறைஞ்ச ரெசினைப் போடுறாங்க?" நான் கொஞ்சம்கூட யோசிக்காமல், "விலை கம்மி சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, வலுவான ரெசினே போடுங்க. அது பிடிச்சு வெச்சிருக்கறதை எப்படித் திரும்ப வாங்குவீங்க?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

பதிலின் பாதி புத்தகத்தில் கிடைத்தது. மீதிப் பாதி எங்க ஊர் திருப்பருத்திக்குன்றத்தில், மாமாவின் சாயப் பட்டறையில் கிடைத்தது. ரெண்டையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பயோடெக், கெமிக்கல் பசங்களுக்கு இது சிலபஸ். மற்றவங்களுக்கு, பிளஸ் டூ கெமிஸ்ட்ரி ஞாபகம் இருந்தால் போதும்.

ஆயாவின் ஊசி

முதலில் இந்த மருந்து எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிடறேன். 1970களில் எங்க ஆயாவுக்கு டிபி வந்தது. வீட்டில் ஒரே தறி. தாத்தா நெய்தது கோர்வைச் சேலை. உடம்பு ஒரு நிறம், பார்டர் இன்னொரு நிறம் என்பதால் தறியில் இன்னொரு ஆள் கூட இருந்து நாடா தள்ளித் தர வேண்டும். அந்த இன்னொரு ஆள் ஆயாதான். அவங்க படுத்ததும் கோர்வை நின்றது, வருமானமும் நின்றது. "இருமினா வாயைப் பொத்திக்கிட்டு கொல்லைப்பக்கம் ஓடுவேன்டி. பிள்ளைங்களுக்கு ஒட்டிக்குமோன்னு பயம்" என்று இப்பவும் சொல்வாங்க.

மருந்து? "வாரத்துக்கு ரெண்டு நாள் வேகவதியைத் தாண்டி நடந்து போய் ஊசி போட்டுக்கிட்டு வருவேன். ஒரு வருஷம்." அந்த ஊசிதான் ஸ்ட்ரெப்டோமைசின்.

வாரத்துக்கு ரெண்டு ஊசி என்ற கணக்கு நம்ம மெட்ராஸில் சோதித்துப் பார்த்த கணக்கு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து ஆரம்பித்தது அது. நோயாளியை சானடோரியத்தில் வைக்காமல், வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட வைத்தாலும் குணமாகும், வீட்டில் உள்ளவங்களுக்கு அதனால் ஆபத்து கூடாது என்று 1959இல் அந்த மையத்தின் ஆய்வு காட்டியது. அந்த முதல் ஆய்வில் கொடுத்தது மாத்திரை மருந்துகள். அடுத்த கட்டமாக, வாரத்துக்கு ரெண்டு முறை 1 கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட் மாத்திரையும் நேர்ப் பார்வையில் கொடுத்து, தினமும் வீட்டில் மாத்திரை சாப்பிடுவதோடு ஒப்பிட்டாங்க. 1964இல் வந்த முடிவில் வாரம் ரெண்டு முறை தந்ததும் நன்றாகவே வேலை செய்தது. இன்று அந்த மையம் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் அங்கேயே இருக்கிறது.

இப்போது கணக்கு போடுங்க. வருஷத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 2 கிராம். ஒரு ஆளுக்கு 104 கிராம் சுத்தமான மருந்து, நேராக உடம்புக்குள் ஏற்றுவதற்கு. அது எங்கிருந்து வந்தது?

பழுப்புக் குழம்பும் பெனிசிலின் வழியும்

ஸ்ட்ரெப்டோமைசினைத் தருவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸ் என்ற மண் பாக்டீரியா. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மன் லேபில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் அதைக் கண்டுபிடித்தார். 1952இல் நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும் கிடைத்தது. (ஸ்டூடன்ட்டாக இருப்பவங்க ஒரு நிமிஷம் மௌனம் காக்கலாம்.)

இந்தியாவில் ஆன்டிபயாட்டிக் தயாரிக்க 1954இல் புனே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் என்ற அரசு நிறுவனம் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் உதவின. முதலில் பெனிசிலின், பிறகு 1960களில் ஸ்ட்ரெப்டோமைசின்.

ஃபெர்மென்டரில் இருந்து வெளியே வருவது மருந்து மாதிரி இருக்காது. பழுப்பு நிறக் குழம்பு. அதில் பாக்டீரியா உடல், மீந்த சோயா மாவு, சர்க்கரை, புரதம், நிறப் பொருள், கால்சியம், மெக்னீசியம் எல்லாம் கிடக்கும். லிட்டருக்குச் சில கிராம்தான் மருந்து. அதை மட்டும் தனியே எடுக்கணும்.

பெனிசிலினுக்கு ஒரு சுலப வழி உண்டு. குழம்பைப் புளிப்பாக்கினால் பெனிசிலின் தன் சார்ஜை இழந்து பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பானுக்குள் தாவிவிடும். தண்ணீரில் வேண்டாதது தங்கிவிடும். ஸ்ட்ரெப்டோமைசினிடம் இது நடக்காது. அது சர்க்கரை வகைத் துண்டுகளால் ஆன மூலக்கூறு, உடம்பு முழுக்க ஹைட்ராக்சில், அதோடு மூன்று பாசிட்டிவ் சார்ஜ். தண்ணீரை விட்டு வரவே வராது. ஆரம்ப காலத்தில் கரித்தூளில் ஒட்டவைத்து, அமிலம் கலந்த மெத்தனாலால் கழுவி எடுத்தாங்க. அப்படி வந்த மருந்தில் ஹிஸ்டமின் போல வேலை செய்யும் கசடுகள் இருந்து, ஊசி போட்டவுடன் ரத்த அழுத்தம் இறங்கியது உண்டு. எனவே சுத்தம் என்பது இங்கே நிறம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் கிடையாது. உள்ளே இருக்கும் மற்றதும் நோயாளியின் உடம்புக்குள்தான் போகிறது.

வேறு எதிலும் பிடிபடாத மூலக்கூறை எதைக் கொண்டு பிடிப்பது? அதனிடம் இருக்கும் அந்த மூன்று சார்ஜைக் கொண்டுதான்.

ரெசின்: ஆள் மாற்றும் கடை

ஹாஸ்டல் மொட்டை மாடியில் வாட்டர் சாஃப்ட்னர் பார்த்திருப்பீங்க. உள்ளே ஜவ்வரிசி மாதிரி சின்னச் சின்ன மணிகள். அதுதான் அயனிப் பரிமாற்ற ரெசின். 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் இருவரும் செயற்கை ரெசினைச் செய்து காட்டினாங்க.

ஒவ்வொரு மணியும் பாலிமர் வலை. அந்த வலையில் நெகட்டிவ் சார்ஜ் உள்ள குழுக்கள் நகராமல் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு குழுவின் பக்கத்திலும் ஒரு சோடியம் அயனி சும்மா உட்கார்ந்திருக்கும். கால்சியம் வந்தால் ரெண்டு சோடியம் எழுந்து போகும், கால்சியம் உட்காரும். அவ்வளவுதான் பரிமாற்றம். கரைசல் நீர்த்ததாக இருந்தால், அதிக சார்ஜ் உள்ள அயனிக்குத்தான் ரெசின் இடம் கொடுக்கும். மூன்று சார்ஜ் உள்ள ஸ்ட்ரெப்டோமைசின் வந்தால் மூன்று சோடியத்தை எழுப்பிவிட்டு உட்காரும். சர்க்கரைக்குச் சார்ஜ் கிடையாது. அது நிற்காமல் கீழே போய்விடும்.

பிடிப்பது இவ்வளவு சுலபம். எக்ஸ்டர்னல் கேட்டது அதற்கு அடுத்த படியை.

வலுவான ரெசினில் என்ன பிரச்சனை?

சாஃப்ட்னரில் இருப்பது வலுவான அமில ரெசின். அதில் உள்ளது சல்ஃபோனிக் குழு. பிஎச் 1 ஆனாலும் 13 ஆனாலும் அதன் நெகட்டிவ் சார்ஜ் அப்படியே இருக்கும். ஸ்ட்ரெப்டோமைசினை அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் விடாது. விடவைக்க ரெண்டு வழி:

ஒன்று, செறிவான உப்புக் கரைசலை ஊற்றிக் கூட்டத்தால் நெருக்கித் தள்ளுவது. மருந்து வரும், கூடவே அந்த உப்பு முழுக்க வரும். அழுக்கை எடுத்த இடத்தில் உப்பைக் கொட்டின கதை.

ரெண்டு, செறிவான அமிலம். இங்கேதான் மூலக்கூறின் பலவீனம் இடிக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் மூன்று துண்டுகளைக் கிளைகோசைட் பிணைப்பால் கோத்த மாலை. கடும் அமிலத்தில் அந்தக் கோவை அறுந்துபோகும். மருந்து போய்த் துண்டுகள்தான் கையில் வரும்.

சரி, மருந்தின் சார்ஜை அணைத்துவிட்டால் தானாகக் கழன்றுவிடாதா? மூன்றில் ரெண்டு சார்ஜ் குவானிடின் குழுக்களுடையது. பிஎச் 12ஐத் தாண்டினால்தான் அவை சார்ஜை விடும். அவ்வளவு காரத்தில் மூலக்கூறு வேறு விதமாக உடையும். அதனால் அந்த வழியும் அடைப்பு.

மருந்தைத் தொட முடியாது என்றால், ரெசினைத்தான் மாற்றணும். சல்ஃபோனிக்குக்குப் பதிலாகக் கார்பாக்சில் குழு உள்ள ரெசின். மெத்தாக்ரிலிக் அமிலத்தையும் டைவினைல்பென்சீனையும் சேர்த்துச் செய்வது. ஆம்பர்லைட் ஐஆர்சி-50 என்பது இதில் பேர் போனது. கார்பாக்சில் ஒரு வலு குறைந்த அமிலம். பிஎச் 7 அருகில் சோடியம் வடிவில் நெகட்டிவாக இருக்கும், மருந்தைப் பிடிக்கும். நீர்த்த அமிலம் வந்தால் ஹைட்ரஜனை ஏற்றுக்கொண்டு சார்ஜை இழந்துவிடும். பிடிக்கக் கையே இல்லை என்றால் மருந்து கழன்று வந்துதானே ஆகணும்? கடும் அமிலம் தேவையில்லை, மருந்தும் உடையாது.

'வலு குறைந்தது' என்றால் மட்டமானது என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதன் அர்த்தம், அணைக்கவும் போடவும் முடிகிற சுவிட்ச் உள்ளது என்பதுதான்.

மாமாவின் அண்டாவில் இதே பாடம்

இதைப் படித்துவிட்டு லீவுக்கு ஊருக்குப் போனேன். மாமா பட்டறையில் பட்டு நூல் சிட்டங்களைக் கோலில் மாட்டி அண்டாவில் முக்கித் திருப்பிக்கொண்டிருந்தார். ஏற்கனவே சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசை எடுத்த நூல். சாயம் அரக்குச் சிவப்பு. கொஞ்சம் அசிட்டிக் ஆசிட் ஊற்றினார்.

"எதுக்கு மாமா ஆசிட்?"

"புளிப்பு ஏறினாதாம்மா நூல் சாயத்தைக் குடிக்கும். அண்டாத் தண்ணி தெளிஞ்சிடுச்சுன்னா நூல் முழுசா குடிச்சிடுச்சுன்னு அர்த்தம்."

எனக்குப் புல்லரித்தது. பட்டு ஒரு புரதம். அதில் அமினோ குழுக்கள் உண்டு. புளிப்புத் தண்ணீரில் அவை ஹைட்ரஜனை ஏற்றுப் பாசிட்டிவ் ஆகும். பட்டுக்குப் போடும் ஆசிட் சாயத்தில் சல்ஃபோனிக் குழு, அதாவது எந்த பிஎச்சிலும் அணையாத நெகட்டிவ். ரெண்டும் பிடித்துக்கொள்ளும். பட்டு நூலே ஒரு அயனிப் பரிமாற்ற ரெசின்!

அப்படியானால் காரத்தில் போட்டால் விடணும். மாமாவிடம் கேட்டு, சாயம் ஏறின துண்டு நூலை வாங்கி, சூடான வாஷிங் சோடாத் தண்ணீரில் போட்டேன். ரெண்டு நிமிஷத்தில் தண்ணீர் சிவந்தது. முழுசாக வெளுக்கவில்லை, ஏனென்றால் சாயத்தை நூலில் நிறுத்த வேறு சின்னச் சின்னப் பிடிகளும் இருக்கு. ஆனாலும் இறங்கியது கண்ணால் தெரிந்தது. "அதான் பட்டுச் சேலைக்கு சோடா ஆகாதுன்னு சொல்றோம். இதைக் கண்டுபிடிக்கவா காலேஜுக்குப் போனே?" என்றார் மாமா.

இன்னொன்றும் பார்த்தேன். அதே அண்டாவில் ஒரு பருத்தி நூலையும் முக்கினேன். பச்சைத் தண்ணீரில் அலசியதும் சாயம் கிட்டத்தட்ட போய்விட்டது. பருத்தி வெறும் செல்லுலோஸ், அதில் அமினோ குழு இல்லை. ஊர்ப் பேரிலேயே பருத்தியை வைத்துக்கொண்டு பட்டு நெய்கிறவங்க நாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் கெமிஸ்ட்ரியாகப் புரிந்தது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. பட்டறையில் சாயத்தின் சார்ஜ் மாறாது, நூலின் சார்ஜ் மாறும்: புளிப்பில் பிடி, காரத்தில் விடு. மருந்து ஆலையில் மருந்தின் சார்ஜ் மாறாது, ரெசினின் சார்ஜ் மாறும்: நடுநிலையில் பிடி, புளிப்பில் விடு. கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்ட ஒரே விஷயம். சேலைக்காரருக்கு விடக் கூடாது, மருந்துக்காரருக்கு விட்டே ஆகணும். வேலை வேறு, அவ்வளவுதான்.

ஆலையில் படிப்படியாக

1. குழம்பில் ஆக்சாலிக் அமிலம் சேர்த்துக் கால்சியத்தை வீழ்படிவாக்கி, வடிகட்டுவாங்க. கால்சியமும் மெக்னீசியமும் கார்பாக்சில் ரெசினில் மருந்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் போட்டியாளர்கள். போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருந்தால் சாயம் சரியா ஏறாது என்று மாமா புலம்புவதும் இதே அயனிகளைப் பற்றித்தான்.

2. பிஎச்சை 7 அருகில் கொண்டுவந்து, சோடியம் வடிவ ரெசின் நிரப்பிய நீளக் குழாய் வழியாக விடுவாங்க. ரெண்டு மூன்று குழாய்கள் வரிசையாக இருக்கும். முதல் குழாய் நிரம்பி மருந்து ஒழுக ஆரம்பித்தால் அடுத்தது பிடித்துக்கொள்ளும். அண்டாத் தண்ணீர் தெளிகிறதா என்று பார்க்கிற அதே வேலையை இங்கே சோதனைக் கருவி செய்யும்.

3. தண்ணீர் விட்டு அலசுவது. சர்க்கரையும் சார்ஜ் இல்லாத மற்றதும் வெளியே.

4. நீர்த்த அமிலம். ரெசின் கையை விடும், மருந்து குறைந்த கொள்ளளவில் செறிவாக வெளியே வரும்.

5. அந்த அமிலத்தை நீக்க, வலு குறைந்த கார ரெசின் உள்ள இன்னொரு குழாய். அது அமிலத்தை விழுங்கிக்கொள்ளும். சோடா ஊற்றி நடுநிலையாக்கினால் உப்பு சேரும், இதில் சேராது.

6. கரித்தூளால் நிறம் நீக்கி, வெற்றிடத்தில் சுண்டவைத்து, கிருமி நீக்கி, ஸ்ட்ரெப்டோமைசின் சல்ஃபேட் தூளாகக் குப்பியில் அடைப்பு.

லேபில் செய்யப் போறவங்களுக்கு ஒரு டிப்: கார்பாக்சில் ரெசின் சோடியம் வடிவில் தண்ணீர் குடித்து நன்றாக உப்பும், அமிலம் போனதும் சுருங்கும். குழாயை விளிம்பு வரை நிரப்பாதீங்க. கண்ணாடிக் குழாய் விரிசல் விடலாம்.

சின்னக் கணக்கு

ஒரு லிட்டர் ரெசினில் 3 ஈக்விவலன்ட் இடம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 3 சார்ஜ், ஆகவே 1 மோல் உட்காரும். மூலக்கூறு எடை சுமார் 582. அதாவது ஒரு லிட்டர் ரெசின் அதிகபட்சம் 582 கிராம் பிடிக்கும். குழம்பில் லிட்டருக்கு 5 கிராம் இருந்தால், சுமார் 116 லிட்டர் குழம்பில் உள்ள மருந்து ஒரு லிட்டர் ரெசினுக்குள் அடங்கும்.

இது தாளில் உள்ள கணக்கு. மூலக்கூறு பெரிசு. ரெசின் வலை இறுக்கமாக இருந்தால் உள்ளே நுழையவே முடியாது, போட்டி அயனிகளும் இருக்கும். பாதிதான் கிடைக்கிறது என்று வையுங்க, 291 கிராம். ஆயாவின் ஒரு வருஷ 104 கிராமை வைத்து வகுத்தால், ஒரு தடவை நிரம்பிய ஒரு லிட்டர் ரெசின் ரெண்டு பேரைக் குணமாக்கி மேலும் கொஞ்சம் மீதி வைக்கும். சோடியம் வடிவத்துக்குத் திருப்பினால் அதே ரெசின் மறுபடி வேலைக்கு வரும்.

ரெசினால் முடியாதது

ஊசி போட்ட அன்று தலை சுற்றியது என்று ஆயா சொல்வாங்க. இப்போது அவங்களுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். அது வயசாலா, ஊசியாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசின் உள்காதைப் பாதிக்கும், தலைசுற்றலும் கேட்கும் குறைவும் தரும் என்பது தெரிந்த உண்மை. அது கசடால் வருவது கிடையாது, அந்த மூலக்கூறின் குணமே அது. கூட ஒட்டி வந்ததை ரெசின் நீக்கும். மருந்தின் குணத்தை எந்த ரெசினாலும் நீக்க முடியாது. அதற்கு வேறு மருந்துதான் கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சாங்க: இன்று டிபிக்கு முதல் வரிசையில் இருப்பது ரிஃபாம்பிசின் உள்ளிட்ட மாத்திரைகள்.

ஆனால் கற்றுக்கொண்ட வித்தை வீணாகவில்லை. நியோமைசின், ஜென்டாமைசின் போன்று அதே குடும்பத்து மருந்துகளையும் அயனிப் பரிமாற்றத்தால்தான் பிரிக்கிறாங்க.

வைவாவுக்குப் போறவங்க யோசிக்க மூன்று கேள்வி:

1. பெனிசிலின் பிஎச் 7இல் நெகட்டிவ். அதைப் பிடிக்க எந்த வகை ரெசின் வேண்டும்?
2. குழம்பில் உப்பு அதிகமானால், மூன்று சார்ஜ் உள்ள மருந்துக்கு இருந்த முன்னுரிமை என்ன ஆகும்?
3. கார்பாக்சில் ரெசினை ஹைட்ரஜன் வடிவிலேயே வைத்துக் குழம்பை விட்டால், மருந்து ஏன் சரியாகப் பிடிபடாது?

விடைகள் மேலே உள்ளதிலேயே இருக்கு. விலையைக் காரணமாகச் சொல்லாதீங்க!

ஆயாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ, அந்தத் தூளை அப்படியா எடுக்கறாங்க" என்றாங்க. கொஞ்ச நேரம் கழித்து, "ஊசி முடிஞ்சு தறியில மறுபடி உட்கார்ந்த அன்னிக்கு என்ன கலர் தெரியுமா? மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர்" என்றாங்க. அரக்கு பார்டர் என்றதும் மாமாவின் அண்டாதான் எனக்கு ஞாபகம் வந்தது.